அவமானம், அவமதிப்பு, மானக்கேடு: மூன்றும் ஒன்றுதானா?

கேள்வி

வணக்கம். என் தந்தை ஒரு ஜவுளிக்கடையில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறார். சென்ற மாதம் கல்லாவில் 4,000 ரூபாய் குறைந்தபோது, வாடிக்கையாளர்கள் நிறைந்திருந்த நேரத்தில் முதலாளி அவருடைய சட்டைப்பையைத் துழாவிப் பார்த்தார். மறுநாள் அந்தப் பணம் பில் கட்டுக்குள் அகப்பட்டது. முதலாளி அப்பாவை உள்ளறைக்கு அழைத்து வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் அன்று முதல் அப்பா பையில்லாத சட்டையையே உடுத்துகிறார். "மானம் போய்விட்டது" என்கிறார். "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா" என்ற குறளைத் தனக்குள் சொல்லிக்கொள்கிறார். தவறே செய்யாதவருக்கு மானம் எப்படிப் போகும்?

பதில் 1

உங்கள் தந்தைக்கு நேர்ந்தது அவமதிப்பு. அது பிறர் செய்வது. மானக்கேடு என்பது ஒருவர் தம் செயலால் தேடிக்கொள்வது. மானம் என்னும் 97ஆம் அதிகாரத்திலேயே வள்ளுவர், "குன்றின் அனையாரும் குன்றுவர் குன்றுவ குன்றி அனைய செயின்" என்கிறார். மலை போன்றவரும் தாழ்வது, குன்றிமணி அளவேனும் தாழ்வான செயலைத் தாமே செய்யும்போதுதான். பையைத் துழாவிய கை எவருடையதோ, தாழ்வும் அவருடையதே.

பதில் 2

முன்னவர் சொன்னது அறத்தின்படி சரி; ஆனால் துழாவப்பட்டவரின் நெஞ்சுக்கு அது போதாது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள், அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்வுகளுள், ஒன்றாக இளிவரலை (இழிவுபட்டதாக உணர்வதை) வைத்து, மூப்பு, பிணி, வருத்தம், மென்மை (எளிய நிலை) என்னும் நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறார். இந்த நான்கில் எதுவுமே குற்றமன்று. ஆகவே குற்றமற்றவரும் கூனிக் குறுகுவது இயல்புதான். வயதான காலத்தில், எளிய நிலையில் இருப்பவருக்கு அது இன்னும் ஆழமாகத் தைக்கும். அவரிடம் "நீங்கள்தான் தவறு செய்யவில்லையே" என்று மட்டும் சொன்னால், அவர் படும் வேதனையை நாம் மறுப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

இன்னொன்றையும் கவலையோடு சொல்கிறேன். அந்தக் கவரிமான் குறள் "உயிர்நீப்பர் மானம் வரின்" என்று முடிகிறது. அதை அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மனத்தில் என்ன ஓடுகிறது என்று நேரடியாகவே கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் தயங்காதீர்கள்.

பதில் 3

சட்டமும் இதில் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. இந்திய தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவிலும், பழிச்சொல் மூன்றாம் மனிதரை எட்டினால்தான் அவதூறு ஆகும். தனியறையில் ஒருவரிடம் மட்டும் சொன்னது அவதூறாகாது. உங்கள் தந்தையை வழக்குப் போடச் சொல்லவில்லை. ஊரறியப் போன பெயர் உள்ளறையில் கேட்ட வருத்தத்தால் திரும்பாது என்பதே என் கருத்து. அன்று யார் கண்முன் பை துழாவப்பட்டதோ, அந்த ஊழியர்கள் முன்னிலையிலாவது முதலாளி உண்மையைச் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இரண்டாம் பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "மூப்பு" என்ற சொல் வந்ததும் நிறுத்தச் சொன்னார்; சற்று நேரம் கழித்து மீண்டும் முதலிலிருந்து படிக்கச் சொன்னார். அந்தக் குறளைப் பற்றியும் கேட்டேன். நெடுநேரம் பேசினார், அழுதார். நாளை மருத்துவரைப் பார்க்க இசைந்திருக்கிறார். முதலாளியிடம் நானே சென்று பேசுவேன்.