மூன்று ஆஃபர், ஒரு வெள்ளிக்கிழமை

குழு: பெரிய வீடு, கோத்தகிரி

செவ்வாய், இரவு

நான்: எல்லோருக்கும் ஒரு விஷயம். கோடை இன்டர்ன்ஷிப்புக்கு மூன்று இடங்களில் இருந்து பதில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் ஒன்றைக் காலேஜில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது.

குன்னூர் சித்தி: சூப்பர் பாப்பா!! எந்தெந்த இடம்?

நான்: ஒன்று மும்பை. ஷேர் புரோக்கர் கம்பெனி, ரிசர்ச் பிரிவு. இரண்டு மாதம், மாதம் 15,000. இன்னொன்று சென்னை ஓ.எம்.ஆர்., வெளிநாட்டு வங்கியின் சேவை மையம். ஆறு வாரம், மாதக் கணக்கில் 25,000. மூன்றாவது கோவையில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. சின்ன வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் கடன் கொடுக்கிறவர்கள். கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் பிரிவு, இரண்டு மாதம், 8,000.

சுரேஷ் அண்ணா: மும்பை. யோசிக்கவே வேண்டாம்.

அம்மா: யோசிக்கத்தான் வேண்டும். ரயிலிலேயே ஒன்றரை நாள்.

சுரேஷ் அண்ணா: சித்தி, ஃபைனான்ஸ் என்றால் மும்பைதான். என்.எஸ்.இ., பி.எஸ்.இ. இரண்டு ஷேர் மார்க்கெட்டும் அங்கே. ரெஸ்யூமில் அந்தப் பெயர் இருந்தால் அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட்டில் முதல் வரிசை. கோவை கம்பெனியைப் பெங்களூரில் யாருக்குத் தெரியும்?

சிவா மாமா: நானும் மும்பைக்குத்தான் ஓட்டு. உள்ளே போனதும் எந்த ஷேர் ஏறும் என்று மாமாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு 😄

நான்: மாமா, உள் தகவலை அப்படி வெளியே சொல்லக் கூடாது என்று ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபி 2015-லேயே விதி போட்டு வைத்திருக்கிறது. சேரும்போதே ஷேர் வைத்திருக்கும் என் டீமேட் கணக்கைக் கேட்பார்கள். உங்களுக்குச் சொன்னால் நான் கோர்ட்டில் நிற்பேன், நீங்களும் பக்கத்தில் நிற்பீர்கள்.

சிவா மாமா: சரி சரி. விளையாட்டுக்குச் சொன்னேன். ரிசர்வ் வங்கியில் எல்லாம் கிடையாதா?

நான்: உண்டு. மாதம் 20,000 தருகிறார்கள். ஆனால் அக்டோபர் 15-லிருந்து டிசம்பர் 15 வரைதான் விண்ணப்பம். செமஸ்டர் பரீட்சை மும்முரத்தில் கோட்டை விட்டுவிட்டேன்.

குன்னூர் சித்தி: பாப்பா இதையும் பார். வீட்டிலிருந்தே ஃபைனான்ஸ் இன்டர்ன்ஷிப், சர்ட்டிபிகேட் உறுதி, கட்டணம் 4,999 மட்டும். யாரோ அனுப்பியிருந்தார்கள்.

நான்: சித்தி, வேலை செய்யப் போகிறவள் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? தயவு செய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி இதே மாதிரி ஒன்றில் சேர்ந்து, கடைசியில் சொந்தக்காரர்களிடம் இன்சூரன்ஸ் பாலிசி விற்கச் சொன்னார்கள். அவள் அத்தைகள் இப்போது போன் எடுப்பதில்லை.

குன்னூர் சித்தி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அப்பா: குரல் பதிவு (0:09)

அம்மா: எங்கே போனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண வேண்டும் என்கிறார். காசுக்காக எதையும் விட வேண்டாம், எடுக்கவும் வேண்டாம் என்கிறார்.

நான்: காசையும் பார்க்கத்தான் வேண்டும் அப்பா. மும்பையில் ஆபீஸ் பக்கத்தில் பிஜி விசாரித்தேன். இரண்டு பேர் அறை 14,000, சாப்பாடு தனி. 15,000 வாங்கி 14,000 வாடகை கட்டினால் மீதி ஆயிரத்தில் வடா பாவ்தான். சென்னையில் சித்தப்பா வீடு இருக்கிறது. கோவையில் ஹாஸ்டலே போதும்.

சுரேஷ் அண்ணா: இரண்டு மாதத்துக்கு நான் மாதம் 10,000 போடுகிறேன். இது செலவு இல்லை, முதலீடு.

நான்: அண்ணா 🙏 அது சரி, நீங்கள் இன்டர்ன்ஷிப்பில் என்ன வேலை செய்தீர்கள்?

சுரேஷ் அண்ணா: பி.பி.டி. ஸ்லைடு பண்ணினேன்.

நான்: இரண்டு மாதமும்?

சுரேஷ் அண்ணா: எழுத்து அளவை மாற்றுவதும் வேலைதான்.

பெரியப்பா: பாப்பா, நான் ஒன்று கேட்கிறேன். மூன்று இடத்திலும் தினமும் நீ என்ன செய்வாய்? அதை யாரும் சொல்லவில்லையே.

நான்: அதுதான் எனக்கும் தெரியவில்லை பெரியப்பா. ஆஃபர் லெட்டரில் ‘பல்வேறு பணிகள்’ என்றுதான் போட்டிருக்கிறது.

புதன், காலை

ஊட்டி அத்தை: குஞ்சப்பனை பக்கம் ரோட்டில் யானை நிற்கிறதாம். மேட்டுப்பாளையம் போகிறவர்கள் பார்த்துப் போங்கள்.

பெரியப்பா: ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டீ பேக்டரியில் கணக்குப் பிள்ளையாகச் சேர்ந்த புதிதில் ஆறு மாதம் லெட்ஜர் மட்டும் எழுதினேன். விவசாயி கொண்டுவந்த பச்சை இலை இத்தனை கிலோ, கழிவு இத்தனை, பாக்கி இத்தனை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். முதலாளிக்கு என்மேல் ரொம்பத் திருப்தி. எனக்கு மட்டும் ஒன்றும் புரியாது. இலை ஷெட்டில் எடை போடுகிறவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு மாதம் நீ போய் நில் என்றார்கள். அங்கேதான் பார்த்தேன். மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கும், அதற்கு எடையில் கழிப்பது நியாயம். ஆனால் வெயில் நாளிலும் அதே கழிவு. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலேகால் கிலோ இலை வேண்டும். எங்கள் லெட்ஜரிலோ மூன்றரை கிலோவிலேயே தூள் வந்துகொண்டிருந்தது. அரை கிலோ இலை வானத்திலிருந்தா விழுந்தது? விவசாயியின் கூடையிலிருந்து போயிருக்கிறது. ஆறு மாதமாக அந்த எண்ணை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

தராசுப் பக்கம் யார் உன்னை நிற்க விடுகிறார்கள் என்று பார்.

அம்மா: இதை நீங்கள் எங்களுக்குச் சொன்னதே இல்லையே.

பெரியப்பா: அப்போது சொன்னால் வேலை போயிருக்கும். அப்புறம் மறந்துவிட்டேன்.

புதன், இரவு

நான்: இன்றைக்குப் போன வருஷம் போன சீனியர்களைப் பிடித்துப் பேசினேன்.

சென்னை மையத்துக்குப் போன அக்காவுக்கு கம்ப்யூட்டர் லாகின் வரவே மூன்றாவது வாரம் ஆகிவிட்டதாம். வங்கி என்பதால் பாதுகாப்பு அனுமதி ஒவ்வொன்றாக வரும், அது யார் தப்பும் இல்லை. மீதி மூன்று வாரம் இரண்டு கணக்குகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் ரீகன்சிலியேஷன். ஆனால் மனிதர்கள் நல்லவர்கள், கேன்டீன் நன்றாக இருக்கும், பிடித்துப்போனால் படிப்பு முடியும் முன்பே வேலை ஆர்டர் கொடுத்துவிடுவார்கள்.

மும்பையில் இருந்தவர் காலை 9:15-க்கு மார்க்கெட் திறப்பதற்கு முன் ஆபீஸில் இருப்பாராம். 3:30-க்கு மூடிய பிறகுதான் உண்மையான வேலை. கம்பெனிகளின் காலாண்டு முடிவுகளை எக்ஸெல்லில் ஏற்றுவது. அவருக்கு வாய்த்த அனலிஸ்ட் தினமும் சாயந்திரம் உட்கார்ந்து அவர் எழுதியதைக் கிழித்துத் தொங்கவிடுவாராம். அதில்தான் கற்றுக்கொண்டேன் என்கிறார். அந்த அனலிஸ்ட் இப்போது அங்கே இல்லை.

கோவைக்கு இதுவரை யாரும் போனதில்லை.

சுரேஷ் அண்ணா: யாரும் போகாததற்குக் காரணம் இருக்கும்.

நான்: இருக்கலாம். அதனால் மூன்று பேருக்கும் ஒரே மெயில் போட்டுவிட்டேன். முதல் வாரம் எனக்கு என்ன வேலை, நான் செய்ததை யார் திருத்துவார்கள், ஆபீஸுக்கு வெளியே போக வேண்டியிருக்குமா.

ஊட்டி அத்தை: இப்படிக் கேட்டால் திமிர் என்று ஆஃபரை வாபஸ் வாங்கிவிட மாட்டார்களா?

நான்: மெயிலை எங்கள் சாரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன் அத்தை. கேட்காமல் போய் இரண்டு மாதம் முழிப்பதற்கு இது மேல் என்றார்.

வியாழன், மாலை

நான்: சென்னை போய்விட்டது. காலேஜ் விதிப்படி எட்டு வாரம் கட்டாயம். நீட்டிக்க முடியுமா என்று கேட்டேன். எல்லோருக்கும் ஆறு வாரம்தான், ஒருவருக்காக மாற்ற முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

குன்னூர் சித்தி: அடடா 25,000 😢

நான்: மும்பை ஹெச்.ஆர். ஒரே வரியில் பதில் போட்டார். ‘வந்து சேருங்கள், பார்த்துக்கொள்ளலாம்.’

கோவையில் கிரெடிட் மேனேஜரே போன் பண்ணினார். அரை மணி நேரம் பேசினார். முதல் வாரம் மூன்று நான்கு வருஷம் பழைய கடன் ஃபைல் 20 கொடுப்பார்களாம். கடன் வாங்கியவர் ஒழுங்காகக் கட்டினாரா, தவணை 90 நாள் தாண்டிக் கடன் என்.பி.ஏ., அதாவது வாராக்கடன், ஆனதா என்பதை மறைத்துவிடுவார்கள். நான் படித்துப் பார்த்து, கொடுக்கலாம் அல்லது கூடாது என்று காரணத்தோடு எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த ஃபைலின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டுவார். இரண்டாவது வாரத்திலிருந்து ஃபீல்டு ஆபீசர் பின்னால் வண்டியில்.

பெரியப்பா: ஆ! இது தராசு.

நான்: இன்னொன்றும் கேட்டார். சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரித் தாக்கல் இல்லை, பழைய கடனை எப்படிக் கட்டினார் என்று காட்டும் சிபில் ஸ்கோரும் இல்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு எதை வைத்துக் கடன் கொடுப்பாய் என்று. நான் நம் வீட்டையே சொன்னேன். பச்சை இலை விற்கிற காசு விவசாய வருமானம், அதற்கு வருமான வரி கிடையாது, அதனால் அப்பா தாக்கல் செய்ததே இல்லை. ஆனால் பேக்டரி இலைக் கணக்கு பத்து வருஷத்துக்கு வீட்டில் இருக்கிறது. எந்த மாதம் எத்தனை கிலோ, டீ போர்டு அந்த மாதம் என்ன விலை போட்டது, பனி விழுந்த ஜனவரியில் எவ்வளவு குறைந்தது, எல்லாம் அதில் தெரியும். தவணையை மாதாமாதம் ஒரே தொகையாகப் போடாமல் இலை வருகிற மாதங்களில் கூட்டிப் போட்டால் அப்பா கட்டிவிடுவார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அந்த நோட்டு ஒன்றை வரும்போது எடுத்து வா என்றார்.

அம்மா: அதை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். எலி கடித்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

சுரேஷ் அண்ணா: நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஷேர் ரிசர்ச் பக்கம் போக வேண்டும் என்பது உன் ஆசை. இரண்டு மாதம் கடன் ஃபைல் பார்த்துவிட்டு அந்தக் கதவைத் தட்டினால் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பார்கள்.

நான்: கேட்பார்கள். அது உண்மைதான் அண்ணா. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. கிரெடிட் தெரிந்தால் கிரிசில், இக்ரா மாதிரி, கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு மதிப்பெண் போடும் ரேட்டிங் கம்பெனிகளுக்குப் போகலாம் என்று சார் சொல்கிறார்.

சுரேஷ் அண்ணா: அப்படியானால் இந்த இரண்டு மாதத்திலேயே செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ரிசர்ச் அனலிஸ்ட் பரீட்சையை எழுதி முடி. 60 மார்க் எடுத்தால் பாஸ், மூன்று வருஷம் செல்லும். பாதிக் கதவாவது திறந்திருக்கும். பரீட்சைக் கட்டணம் என்னுடையது. மும்பைக்கு ஒதுக்கிய காசில் மீதி எனக்கு லாபம்.

வெள்ளி, மாலை 4:20

நான்: கோவை என்று எழிதிக் கொடுத்துவிட்டேன்.

நான்: *எழுதி. கை நடுங்குகிறது.

குன்னூர் சித்தி: 👏👏👏

ஊட்டி அத்தை: ஏப்ரலில் கோவை கொளுத்தும். பருத்தித் துணியாக எடுத்து வை.

அம்மா: நோட்டு கிடைத்துவிட்டது. ஒரு மூலையை மட்டும் எலி தின்றிருக்கிறது, எண்கள் தப்பித்தன.

பெரியப்பா: பாப்பா, அந்த 20 ஃபைலில் எத்தனை பேர் கட்டாமல் போனார்கள், நீ எத்தனையைச் சரியாகச் சொன்னாய் என்று எனக்கு எழுது. யார் என்ன தொழில் என்பதையும் சொல்லு.

நான்: நான் எத்தனை தப்பு பண்ணினேன் என்பதைச் சொல்கிறேன் பெரியப்பா. மற்றது ரகசியம். கையெழுத்து வாங்கப் போகிறார்கள்.

சிவா மாமா: எனக்கு ஷேரும் இல்லை, உங்களுக்கு ஃபைலும் இல்லை. வாங்க அண்ணா, டீ குடிப்போம்.