அப்பாவின் சர்க்கரைக்குக் காணொளி வைத்தியம் சரிவருமா?

கேள்வி (திருத்துறைப்பூண்டி பக்கம்)

அப்பாவுக்கு வயது 67. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் போய்த் திரும்ப ஒரு நாள் முழுதும் ஆகிவிடுவதால், ஆண்டுக்கு நான்கு முறையில் இரண்டைக் காணொளியில் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரே சொன்னார். ஆனால் அப்பா, தொட்டுப் பார்க்காமல் மாத்திரை எழுதுகிறவரை டாக்டர் என்று ஒப்புக்கொள்ள முடியாது என்று ஒரே பிடியாக நிற்கிறார். சம்பா நடவு நேரம் வேறு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

தம்பி, 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொடங்கினேன், இன்றுவரை விடவில்லை. நேரில் போனால் இரண்டு மணி நேரம் காத்திருந்து இரண்டு நிமிடம் பேசிவிட்டு வருவேன், காணொளியில் பத்து நிமிடமாவது கிடைக்கிறது. ஒரு முறை மட்டும் பட்டேன். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு அழுத்தம் பார்த்து அந்த எண்ணைச் சொல்லிவிட்டேன், அவரும் எப்போது எடுத்தது என்று கேட்காமல் மாத்திரையைக் கூட்டிவிட்டார். நான்காம் நாள் காலையில் எழுந்தவுடன் தலை சுற்றிக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டு முறை எடுத்து நோட்டில் நேரத்தோடு குறிக்கிறேன்.

பதில் 2 (மன்னார்குடி, பொது மருத்துவர்)

எங்களில் பலருக்கும் உங்கள் தந்தையாரின் தயக்கம் உண்டு. தவறு நேர்ந்தால் பொறுப்பு முழுவதும் எங்களுடையது என்பதால் அதில் கொஞ்சம் பயமும் கலந்திருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, நேரில் பார்த்த அதே மருத்துவரிடம் அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் பேசினால்தான் அது தொடர் ஆலோசனை ஆகும். ஆகவே ஒரு முறை நேரில், அடுத்த முறை காணொளியில் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டு காணொளிகளை அடுத்தடுத்து வைக்க வேண்டாம். நேரில் வரச் சொல்லி ஆலோசனையை நிறுத்தும் உரிமை மருத்துவருக்கு எப்போதும் உண்டு.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையின் அறிக்கையும் வீட்டில் எடுத்த அளவுகளும் கையில் இருந்தால் மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் காணொளியே போதும். எனக்குக் கவலை பாதம்தான். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்போம். அதைத் திரையில் செய்ய வழியில்லை. இந்தப் பக்கத்தில் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்கள் அதிகம். நத்தை ஓடு கீறியதே தெரியாமல், புண் சீழ் வைத்த பிறகு வருகிறவர்களை நடவுக்காலம்தோறும் பார்க்கிறேன். ஆண்டுக்கொரு முறை விழித்திரையையும் நேரில்தான் பார்க்க வேண்டும்.

பதில் 3 (நாகப்பட்டினம் மாவட்டம்)

எங்கள் அம்மாவும் முதலில் இப்படித்தான் மறுத்தார். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அவர் பக்கத்தில் இருந்த அன்று காணொளியில் பேச வைத்தோம்; தொட்டுப் பார்க்க ஓர் ஆள் இருந்ததால் அம்மாவின் பிடிவாதம் பாதி குறைந்துவிட்டது. தெரிந்த மருத்துவர் முகம் என்றால்தான் பேசுவார், புதியவர் வந்தால் தலையை மட்டும் ஆட்டுவார் என்பது வேறு கதை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்து டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்த்தேன். இடது குதிகாலில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், ஓரம் சிவந்திருக்கிறது. எப்போது பட்டது என்று அவருக்கே தெரியவில்லை. காணொளிப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்கிறோம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நேரிலேயே போகிறோம்.