மழை நாளில் வார்னிஷ் அடித்த கதை

மாட்டுங்கா_மாலுமி:
1916-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லண்ட் கடற்போரைக் குட்டி மாதிரிக் கப்பல்களாகக் கட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிரிட்டன் 151, ஜெர்மனி 99, மொத்தம் 250 கப்பல். நான் 1/2400 அளவில் சேர்க்கிறேன், மூன்று வருடமாகிறது. பிரிட்டன் பக்கத்துப் பெரிய கப்பல்கள் 37-க்கும் சாம்பல் பூசி, இடுக்குகளில் நீர்த்த கறுப்புச் சாயம் (வாஷ்) விட்டு முடித்தாயிற்று, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் மட்டும் பாக்கி. போன ஜூலையில் ஒரு ஞாயிறு மழை அரை மணி நேரம் விட்டது. அதை நம்பி எல்லாவற்றையும் செருப்புப் பெட்டி மூடிகளில் நிற்க வைத்து பால்கனியில் ஸ்ப்ரே அடித்துவிட்டேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மொத்தமும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பிரிட்டன் தளபதியின் கப்பலான அயர்ன் டியூக்கில் பீரங்கிக் கூண்டு எது, புகைபோக்கி எது என்றே தெரியவில்லை. துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "ஏண்டா, மழை நாள்ல யாராவது வடாம் போடுவாளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நிஜப் போரில் இரண்டு பக்கமும் சேர்த்து மூழ்கியதே 25 கப்பல்தான்!

அல்சூர்வாசி:
எனக்கு நிறத்தில் வேறு மாதிரி உதை. சென்னை மேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டனை வெள்ளையாக அடித்தேன், 'கிழக்கின் அன்னம்' என்ற பேர் மயக்கத்தில். அமைதிக் காலத்து வெள்ளை அது, சென்னைக்கு வந்தபோது சாம்பல்தான். பினாங்கில் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரிய மாட்டிய நாலாவது பொய்ப் புகைபோக்கியைக்கூட கழற்றி மாட்டுகிற மாதிரி செய்த எனக்கு இது தோன்றவில்லை. சென்னையிலிருந்து வந்த பெரியப்பா அதைக் கையில் வாங்கினார். ஐந்து சென்டிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத்தனூண்டுக்கா எங்க பாட்டி மெட்ராஸை விட்டு ஓடினா?" என்றார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எண்ணெய்த் தொட்டி எரிந்த கதையை அந்தப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர். நிறம் தப்பு பெரியப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

ஆர்கேபுரம்_78:
மாலுமி, பழியை மழை மேல் போடாதீர்கள். மழை விட்டாலும் காற்றில் ஈரம் விடாது, அதுவும் மும்பையில். ஸ்ப்ரேயில் இருக்கிற கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை வார்னிஷுக்குள் இழுத்துக்கொள்ளும், அந்த வெள்ளை அதுதான். முதலில் ஒரே ஒரு கப்பலில் அடித்துப் பார்த்திருக்கலாமே. இங்கே டெல்லியில் தலைகீழ், மே மாதத்தில் பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்ப்ரே கப்பலுக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும், ரவை தூவின மாதிரி ஒரு ஜெர்மன் படை என்னிடம் இருக்கிறது. சரி, அதை விடுங்கள். நாசகாரிகளை (டெஸ்ட்ராயர் எனும் சின்னப் போர்க்கப்பல்களை) ஆரம்பித்துவிட்டீர்களா? பிரிட்டன் 78, ஜெர்மன் டார்ப்பிடோ படகு 61, தொகுப்பில் பாதிக்கு மேல் அதுதான், அங்கேதான் எல்லாரும் கைவிடுவார்கள். ஒவ்வொன்றாகப் பூசாதீர்கள். ஐஸ் குச்சியில் ஆறு ஆறாக ஒட்டி, ஒரு நாள் முழுக்க சாம்பல், மறுநாள் முழுக்க தளம் என்று போங்கள். பெயரை அடிப்பலகைக்குக் கீழே இன்றே எழுதுங்கள், நாளைக்கு எது எது என்று உங்களுக்கே தெரியாது. பெட்டிக்குள் காந்தத் தாள் ஒட்டுங்கள், கப்பலுக்கு அடியில் மெல்லிய இரும்புத் தகடு, ஆட்டோவில் போனாலும் கவிழாது. வார்னிஷைப் பிரஷ்ஷில் போடுங்கள், தண்ணீரில் கரைகிற வகை.

அல்சூர்வாசி:
அவர் கேட்டது இதையா?

மாட்டுங்கா_மாலுமி:
பரவாயில்லை, குச்சி யோசனையை எடுத்துக்கொண்டேன். ஆனால் பிரஷ் வேண்டாம், என் கைக்குக் கோடு விழும். பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்ததில் நிறைய கப்பல்களில் வெள்ளை போய்விட்டது. அதற்கு மேல் மறுபடி மேட் அடிக்க வேண்டும், டப்பாவை எடுக்கவே கை நடுங்கி இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். நேற்று மாமி மொட்டை மாடியில் வடாம் பிழிந்திருக்கிறார். இன்றைக்கு அடிக்கப் போகிறேன்.