90 போல்ட்டில் எத்தனை தப்பு?

வெண்ணாற்றங்கரை: நேற்று மகனை வழியனுப்பப் போய் ஏர்போர்ட் வாசலில் இரண்டரை மணி நேரம் கொசுக்கடி. விமானப் பராமரிப்புத் தாள் ஏதோ ஒன்றில் கையெழுத்து விட்டுப்போச்சாம், அதனால் விமானம் தாமதம். பறப்பது தாளா, விமானமா? 1990 ஜூனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய், கேப்டன் பாதி உடம்போடு வெளியே தொங்கினாரே, அதை எடுங்கள். காலைப் பிடித்துக்கொண்டவர்கள் புண்ணியத்தில் பிழைத்தார். கண்ணாடியைப் பிடித்த 90 போல்ட்டில் 84 மெலிசு. அந்தப் புதுக் கண்ணாடியை மாட்டியவர் பராமரிப்பு ஷிப்ட் மேனேஜர், கையெழுத்தும் போட்டிருந்தார். என்னத்தைக் காப்பாற்றியது அந்தத் தாள்?

மன்னார்குடிக்காரன்: 84 இல்லை ஐயா, 90ம் தப்பு. 84 போல்ட் குறுக்களவில் 0.026 அங்குலம் மெலிசு. மீதி ஆறும் தடிமன் சரி, நீளம் 0.1 அங்குலம் கட்டை. விமானப்படையில் 20 வருஷம் எஃப் 700 என்ற விமானப் பராமரிப்புப் பதிவேடு எழுதியவன் சொல்கிறேன். அரைகுறையாகப் படித்துவிட்டுக் கொசுக்கடிக் கோபத்தை இங்கே இறக்காதீர்கள்.

வெண்ணாற்றங்கரை: ஆறு கட்டை போல்ட்டால் கண்ணாடி போகவில்லை. பழைய கண்ணாடியைப் பிடித்திருந்ததும் அதே கட்டை போல்ட்தான். அது பாட்டுக்குப் பறந்தது. ஆக, 84.

மன்னார்குடிக்காரன்: பழையதே தப்பு என்பதுதான் விஷயம்! அந்த மேனேஜர் கழற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு அதே மாதிரி தேடினார். ஸ்டோர்காரர் சரியான போல்ட் 8டி என்றார், காதில் வாங்கவில்லை. பார்ட்ஸ் கேட்டலாகைப் பார்க்கவில்லை. ராத்திரி ஷிப்ட், ஆள் பற்றாக்குறை, இருட்டு மூலையில் டிராயருக்குள் கைவிட்டுக் கண்ணளவில் 8சி என்ற மெலிசு போல்ட்டை எடுத்தார். மரை இடைவெளி ஒன்றுதான், அதனால் ஏறிக்கொண்டது. போல்ட்டின் தலை குழிக்குள் கூடுதலாக அமுங்கியதை எக்கி நின்று திருகியவர் பார்க்கவில்லை. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அந்த வேலைக்கு இல்லை. தாள் இருந்ததாம்! தன் வேலைக்குத் தானே போட்ட கையெழுத்து ஒரு கையெழுத்தா? 90.

செயின்_வண்டி: பெரியவர்கள் எண்ணி முடிக்கட்டும். போன தை மாதம், மழைக்கு முன்னால் அறுத்தாக வேண்டும். ராத்திரி இரண்டு மணி. என் பையன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அறுவடை வண்டியின் கத்திப் பகுதியில் போல்ட் மாட்டினான். கடைசி இரண்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு டீ குடிக்கப் போனான். அடுத்தவன் வந்து வண்டியைக் கிளப்பிவிட்டான். நாலு சுற்றுகூட வரவில்லை, கத்தி வரப்பில் குத்திக்கொண்டு நின்றது. 1991இல் டெக்சாஸிலும் இதே கதைதான். ஒரு விமானத்தின் வால் இறக்கை விளிம்பில் 47 ஸ்க்ரூவை ஒரு ஷிப்ட் கழற்றியது, அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைக்கவில்லை. 14 பேர் போனார்கள்.

மன்னார்குடிக்காரன்: தம்பி, 47 சரி. ஆனால் நெல் அறுக்கிற வண்டியை இதில் ஓட்டாதே. பேச்சு 90 பற்றி.

செயின்_வண்டி: மேட்டூர் திரியில் 93.47 டிஎம்சியை 93 என்று எழுதியதற்கு என்னை மடையன் என்றவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

மன்னார்குடிக்காரன்: அரை டிஎம்சி உனக்குச் சும்மாவா? கடைமடைக்காரனைக் கேள்.

குடந்தை_வெத்தலை: 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் கதவு அடைப்பு, அதாவது கதவு வைக்காத இடத்தை மூடும் பலகை, நடுவானில் பறந்ததே? ரிவெட் சரிபண்ணத் தொழிற்சாலையில் திறந்தார்கள், திறந்ததற்குப் பதிவே இல்லை. நாலு போல்ட்டும் மாட்டவில்லை. அங்கே கணக்குத் தகராறும் இல்லை, நாலுக்கு நாலு.

மன்னார்குடிக்காரன்: அது தயாரிப்பு. நாம் பேசுவது பராமரிப்பு.

வெண்ணாற்றங்கரை: மேட்டூர் அணை மட்டும் பராமரிப்போ?

குடந்தை_வெத்தலை: பதிவு இல்லை என்பதுதானே ஐயா இங்கே... சரி, விடுங்கள். நான் கடைக்குப் போகிறேன்.

மன்னார்குடிக்காரன்: கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17க்கு மேல் காட்டினால் மூட்டையைத் திருப்புகிறான். "ஒன்றிரண்டுதானே" என்று கெஞ்சினால் எடுப்பானா? போன மாசி மாதம் ஒருத்தர் கெஞ்சினார் என்று கேள்வி.

வெண்ணாற்றங்கரை: என் நெல்லை ஏன் இழுக்கிறீர்கள்? யார் சொன்னது, அந்தப் பால்காரரா? அந்த மீட்டரே கோளாறு. 84.

மன்னார்குடிக்காரன்: மீட்டரைக் கடைசியாகச் சோதித்த தேதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். உங்களுக்குத்தான் தாள் பிடிக்காதே. 90.

செயின்_வண்டி: மன்னார்குடி ஐயா, கிழக்கு வயலுக்கு வண்டி கேட்டுப் போன் பண்ணியிருந்தீர்கள். வரட்டுமா, வேண்டாமா?

மன்னார்குடிக்காரன்: வா. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிப் பார்த்து, நோட்டில் எழுதி, உன் பையன் இல்லாத வேறு ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா. அப்புறம், 84 என்று இன்னொருத்தர் எழுதினால் மறுபடி முதலிலிருந்து சொல்வேன்.

வெண்ணாற்றங்கரை: 84.