கையால வரையற அனிமேஷன்: வேலை எங்க உதைக்குது?

பீளமேடு லைட்பாக்ஸ்

1992ல யூகோ சாக்கோவும் நம்ம ராம் மோகனும் சேர்ந்து முடிச்ச ராமாயண அனிமேஷன், 2025 ஜனவரியில தமிழ் பேசித் தியேட்டருக்கு வந்துச்சு. பார்த்துட்டு வந்த பசங்க கேக்கறது ஒண்ணுதான்: "இந்த மாதிரி இப்ப ஏனுங்க யாரும் எடுக்கறதில்லை?" கம்ப்யூட்டர் வந்துருச்சு, அதனாலன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. அது பாதிதான் சரி. வரைஞ்சு பழகினவங்க, ஸ்கேன் பண்றவங்க, கலர் போடறவங்க கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் கணிசமா இருக்கீங்க. சொந்தக் கதை வேண்டாங்க. வேலை எந்த இடத்துல கெடுது, எதனால கெடுது, அதுக்கு மாத்து என்ன, அதை எழுதுங்க.

முதல்ல கணக்கு. விநாடிக்கு 24 ஃபிரேம். 90 நிமிஷப் படம்னா 1,29,600 ஃபிரேம். வரைஞ்ச ஒரு படத்தை ரெண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி 'டூஸ்'ல போனா 64,800 படம் வரையணும். அதுவும் திரையில ஒரே ஒரு ஆள் இருந்தா. ரெண்டு பேர் நின்னு பேசினா தனித்தனி லேயர். கிறுக்கலா ரஃப் ஒரு தடவை, சுத்தக் கோட்டுல கிளீன்-அப் ஒரு தடவைன்னு ஒரே படத்தை ரெண்டு கை தொடும். ஒருத்தர் நாளைக்கு 10 கிளீன்-அப் முடிக்கறார்னு வெச்சுக்குவோம். 20 பேர், மாசம் 25 நாள். கிளீன்-அப்புக்கு மட்டும் 13 மாசம் ஆகும். கீ (அசைவோட முக்கியப் படங்கள்) போடறவர், பேக்ரவுண்ட், கலர், எல்லா லேயரையும் ஒண்ணாச் சேர்க்கற காம்போசிட்டிங் எதுவும் இதுல சேரலை. 3டியில கேமராக் கோணத்தை அனிமேஷன் முடிஞ்சப்புறம்கூட ஓரளவு நகர்த்தலாம். இதுல லேஅவுட், அதாவது ஷாட்டோட அமைப்பை முடிவு பண்ற கட்டம், தாண்டினப்புறம் கோணத்தை மாத்தினா அந்த ஷாட்டை முதல்லயிருந்து வரையணும். தயாரிப்பாளர் பயப்படறது இந்தத் திருத்தச் செலவுக்குத்தானுங்க.

ஈரோடு 24

கணக்கு சரிங்க. ஆனா சரிவைச் செலவு தலையில மட்டும் கட்ட முடியாது. வருஷ வாரியாப் பாருங்க.

கையால ட்ரேஸ் பண்ணி செல்லுலாய்டுல மை போட்டுட்டிருந்த வேலையை, 1961ல '101 டால்மேஷன்ஸ்' படத்துக்கு டிஸ்னி ஜெராக்ஸ் முறைக்கு மாத்துச்சு. 1990ல 'தி ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்' முழுக்க 'கேப்ஸ்'ங்கற டிஜிட்டல் முறையில கலர் ஆச்சு. செல்லுலாய்டுத் தாள்ல ஒரு தொல்லை உண்டு: அது முழுக்கத் தெளிவான தாள் கிடையாது. மேல நாலஞ்சு அடுக்கு விழுந்தா அடியில இருக்கற நிறம் மங்கும். அதனால ஒரே சட்டைக்கு அடுக்குக்கு ஒரு ஷேடு கலக்கி வெக்கணும், தப்பின ஃபிரேம்ல சட்டை பளிச்சுனு தாவும். தூசி, கைரேகை வேற. கேப்ஸ் வந்ததும் இதெல்லாம் ஒழிஞ்சுது. ஆகக் கம்ப்யூட்டர் முதல்ல கை அனிமேஷனுக்குத் தோள்தான் குடுத்துது.

1995ல முழுக்கக் கம்ப்யூட்டர்ல எடுத்த டாய் ஸ்டோரி வந்துச்சு. கையால வரைஞ்சதுல 2002ல டிஸ்னியோட ட்ரெஷர் பிளானட் விழுந்துது, 2003ல ட்ரீம்வொர்க்ஸோட சிந்துபாத் விழுந்துது, அதே 2003ல 3டி ஃபைண்டிங் நீமோ ஓடு ஓடுன்னு ஓடுச்சு. கதையைக் குத்தம் சொல்லாம பென்சிலைக் குத்தம் சொன்னாங்க. 2004ல டிஸ்னியோட ஃபுளோரிடா ஸ்டுடியோவை மூடினாங்க. 2009ல 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்' எடுக்கத் திரும்பி வந்தப்ப கேப்ஸ் கையில இல்லை. டூன் பூம் ஹார்மனிங்கற மென்பொருளுக்குப் போக வேண்டியதாப் போச்சு. 2011 வின்னி த பூவோட அங்க பெரிய திரையில கடை சாத்தியாச்சு. அதே காலத்துல ஜப்பான்ல 2001ல ஸ்பிரிட்டட் அவே வந்து ஆஸ்கரே வாங்குச்சு. தொழில்நுட்பம்தான் காரணம்னா ரெண்டு ஊர்லயும் ஒரே முடிவு வந்திருக்கணுமில்ல?

தமிழ்ல கதை வேற. 2007ல 'இனிமே நாங்கதான்' நேரா 3டி. 2014ல கோச்சடையான் மோஷன் கேப்சர், அதாவது நடிகரோட அசைவைப் பதிஞ்சு 3டியில ஏத்தறது. கை அனிமேஷன் இங்க முழுநீளப் படமா வேரே ஊனலை. ஊனாததைச் செத்துப்போச்சுன்னு சொல்றதுல அர்த்தமில்லீங்க.

கணபதி பட்டறை

நான் மெஷின் பக்கத்து ஆள், வரையற தாளை நகராமப் பிடிச்சு வெக்கற பெக் பார் (பின் வெச்ச பட்டை) பத்தி மட்டும் எழுதறேன். இது சரியில்லைன்னா எவ்வளவு நல்லா வரைஞ்சாலும் படம் ஆடும்.

வெளிநாட்டு ஆக்மி பெக் பாரும் அதுக்கேத்த பஞ்ச்சும் விலை கையைக் கடிக்கும். ஆபீஸ் ரெண்டு-ஓட்டை பஞ்ச் போதும். மையத்துக்கு மையம் 80 மி.மீ., ஓட்டை சுமார் 6 மி.மீ. "சுமார்"ங்கறதுலதான் வம்பு. கம்பெனிக்குக் கம்பெனி அரை மி.மீ. வரைக்கும் கூடும் குறையும். அதனால ஒரே ஒரு பஞ்ச்சை வாங்கி, பத்துத் தாள் குத்தி, ஓட்டையை வெர்னியர்ல அளந்து, அதுக்கு 0.05ல இருந்து 0.1 மி.மீ. குறைவா பித்தளைப் பின் கடையணும். உயரம் 5 மி.மீ., மேல் விளிம்பு அரை மி.மீ. சேம்பர் (சாய்வா மழுக்கறது). சேம்பர் இல்லைன்னா தாளை மாட்டி எடுக்கறப்ப ஓட்டை கிழியும். பட்டை 300க்கு 25 மி.மீ. அலுமினியம் போதும், பின் பிரஸ் ஃபிட் (அழுத்தி இறுக்கமா ஏத்தறது).

பின் செங்குத்தா நிக்கோணும். சாஞ்சிருந்தா மேல் தாளும் அடித்தாளும் ஒண்ணுக்கொண்ணு நகர்ந்துதான் உக்காரும்.

ஜிக் ஃபிக்ஸ்சர் பண்றவங்களுக்கு ஒரு குறிப்பு: ரெண்டையும் உருண்டையா வெக்காதீங்க. ஒண்ணு உருண்டை, இன்னொண்ணு டைமண்ட் பின் மாதிரி ரெண்டு பக்கமும் லேசா அரம் போட்டது. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஈரத்தோட வரும். தாள் நாருக்குக் குறுக்கா விரியும். ரெண்டு உருண்டைப் பின்னா தாள் நடுவுல மேடு கட்டும். ஒரு ஷாட்டுக்கு ஒரே ரீம் தாள், ஒரே நார்த் திசை, முந்தின நாளே அறையில பிரிச்சு வெச்சுடணும்.

ஆட்டம் எவ்வளவுன்னு பாருங்க: ஏ4 தாளோட நீளம் 297 மி.மீ. அதுல 0.3 மி.மீ. லூஸ் இருந்தா, 10 மீட்டர் தியேட்டர்த் திரையில ஒரு செ.மீ. தாவும். மொபைல்ல தெரியவே தெரியாது. அதான் பல பேர் மொபைல்ல பார்த்துட்டு ஓகேன்னுடறாங்க.

பஞ்ச் பண்றப்ப அஞ்சாறு தாளுக்கு மேல வேண்டாம், அடித்தாள் நழுவும்.

சூலூர் பேப்பர்

டேப்லெட்லயே வரையலாமே, இவ்வளவு எதுக்குங்ணா?

பீளமேடு லைட்பாக்ஸ்

தாராளமா வரையலாம். இப்ப பெரும்பாலான 2டி வேலை அப்படித்தான் போகுது. ஆனா பேப்பர்ல அஞ்சு தாளை விரலுக்கு நடுவுல வெச்சு உருட்டிப் பார்க்கற பழக்கம், அசைவைக் கண்ணுக்கு முன்னால கைக்குச் சொல்லிக் குடுத்துரும். அதனால கத்துக்க பேப்பர், வேலைக்கு டேப்லெட்னு பிரிக்கறது நல்லது. ஓப்பன்டூன்ஸ்ங்கற 2டி மென்பொருள் 2016ல இருந்து இலவசம். ஜப்பானோட கிப்ளி ஸ்டுடியோ பயன்படுத்தின டூன்ஸ் மென்பொருளோட வழிதான் அது. கிரிட்டா, பிளெண்டரோட கிரீஸ் பென்சில், ரெண்டும் இலவசம்.

பேப்பர்ல போறவங்களுக்கு ஸ்கேன் குறிப்பு: 1080 வீடியோவுக்கு 200 டிபிஐ போதும், 4கே வேணும்னா 400. சுத்தக் கருப்பு-வெள்ளையில ஸ்கேன் பண்ணாதீங்க, மெல்லிய கோடு விட்டுப்போகும், கிரேஸ்கேல். ஓட்டையைப் பார்த்து மென்பொருள் தாளை நேராக்கும், ஆனா ஓட்டை ஸ்கேனுக்குள்ள முழுசா விழணும். ஸ்கேனர் மூடி வெள்ளையா இருந்தா ஓட்டை தெரியாது, தாளுக்குப் பின்னால கருப்பு அட்டை வைங்க.

பென்சில் டெஸ்ட்டை (பென்சில் படங்களை ஓடவிட்டு அசைவைப் பார்க்கறது) போன்ல எடுக்கறவங்க ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் பண்ணிட்டு, ஷட்டரை 1/50ல வைங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதுக்குப் பொருந்தாத வேகம் வெச்சா டியூப்லைட் வெளிச்சத்துல பட்டை பட்டையா ஓடலாம்.

உடுமலை ரேக்ளா

காங்கேயம் காளை நடையை வரையறவங்க எல்லாரும் ஒரே மூணு இடத்துல மாட்டறாங்க. அதை எழுதிடறேன்.

முதல் தப்பு, குதிரை நடையை எடுத்துக் கொம்பு ஒட்டறது. கால் வரிசை ஒண்ணுதான்: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். ஆனா காளைக்குத் தலை கீழே, எடை முன்னால. கால் ஊனற படத்துல தோள்பட்டை எலும்பு தோலுக்கடியில மேல ஏறுவது தெரியணும். அது இல்லைன்னா கால் மட்டும் தனியா ஆடும்.

ரெண்டாவது திமில். இடுப்பும் முதுகும் மேல ஏறற படத்துக்கு ஒண்ணு ரெண்டு படம் தள்ளித்தான் திமில் உச்சிக்குப் போகணும். அலைதாடி அதுக்கும் பின்னால, அதோட நுனி இன்னும் பின்னால. திமில் கெட்டிச் சதை, கொஞ்சம் சாஞ்சு திரும்பினாப் போதும். அதிகமாப் போனா ஜெல்லி. மெதுநடைக்கு 32 ஃபிரேம், அதாவது டூஸ்ல 16 படம்னு ஆரம்பிச்சுப் பாருங்க.

மூணாவது கொம்பு. தலையை இடமிருந்து வலம் திருப்பற ரெண்டு கீக்கு நடுவுல சரிபாதியில இன்-பிட்வீன் (இடைப்படம்) போட்டா, கொம்பு நுனி நேர்கோட்டுல போகும், நடுப்படத்துல கொம்பு குட்டையாத் தெரியும். நுனி வளைவுல போகணும், தலை லேசாக் கீழ இறங்கி ஏறணும். இதுக்குக் கீ போடறவரே பிரேக்டவுன் படம் (நடுவுல எந்த வழியா போகணும்னு காட்டறது) ஒண்ணைக் குடுத்துடணும். இன்-பிட்வீன் பண்றவர் தலையில கட்டினா அவர் இடைவெளி குறிச்ச சார்ட்டைப் பார்த்துச் சரிபாதிதான் போடுவார், அவர் மேல குத்தமில்லை.

ரேக்ளா ஓட்டம் டூஸ்ல தாங்காது. கால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ரொம்ப தூரம் போயிடும், கண் சேர்த்துக்காது. அங்க ஒவ்வொரு ஃபிரேமும் வரையணும். சக்கரத்துல 12 ஆரம்னா ஆரத்துக்கு ஆரம் 30 டிகிரி. ஒரு படத்துக்கு 15 டிகிரிக்கு மேல சுத்தினா வண்டி முன்னால போக, சக்கரம் பின்னால சுத்தும். வேகத்துல ஆரமே வரையாதீங்க, தேய்ச்ச கோடாப் போட்டுடுங்க.

பேக்ரவுண்ட் ஒவ்வொரு ஃபிரேமும் நகர, ஆள் டூஸ்ல நடந்தா ஊனின கால் ஃபிரேம் விட்டு ஃபிரேம் வழுக்கும். நடக்கற லேயரை பேக்ரவுண்ட் நகர்வோட இணைச்சுட்டா கால் மண்ணுல நிக்கும். ஷாட் கெடறதுல பாதி இதனாலதான்.

சென்னிமலை கிராஃப்

இங்கே பெட்ஷீட்டுக்கு ஜக்கார்டு டிசைனைக் கட்டம் போட்ட தாளில் கையால் நிரப்பி, அதைப் பார்த்து அட்டை குத்துவார்கள். எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்ததும் அட்டை குத்துபவர் போனார். கொஞ்ச நாளில் கட்டம் படிக்கத் தெரிந்த புது ஆளும் வருவது நின்றது. அனிமேஷனில் நடந்ததும் அதேதான். இன்-பிட்வீன், கிளீன்-அப் இரண்டும் கூலி வேலை என்று வெளியே தள்ளப்பட்டன. இந்தியாவுக்கும் அப்படி வந்தன. பிறகு வெட்டி ஒட்டும் பொம்மை முறையும் 3டியும் வந்து அவற்றையும் விழுங்கின. ஆனால் கீ போடுபவர் உருவாவது இன்-பிட்வீன் மேசையில்தான். ஏணியின் கீழ்ப்படியை எடுத்துவிட்டு, மேலே ஆள் இல்லை என்கிறார்கள். எனக்குப் பயம் அதில்தான். ரசிகர் வரமாட்டார் என்பதில் இல்லை.

கிளீன்-அப்பில் அடிக்கடி பார்க்கும் கோளாறு: ரஃப் கோட்டின் உள்விளிம்பில் கோடு இழுப்பது. ஒவ்வொரு படத்திலும் முடியளவு குறைந்து, ஷாட் முடியும்போது முகம் மெலிந்திருக்கும். கோட்டின் நடுவில் இழுக்க வேண்டும். எண் 1, 3, 5 என்று வரிசையாகப் போகக்கூடாது. முதலில் கீ எல்லாம், பிறகு பிரேக்டவுன், கடைசியில் இடைப்படங்கள். இல்லாவிட்டால் பிழை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊர்ந்து கூடிக்கொண்டே போகும். கோடு மூடாத இடத்தில் டிஜிட்டல் கலர் வெளியே கொட்டும்: முடி நுனி, கழுத்துப்பட்டை, விரலிடுக்கு, இந்த மூன்றையும் ஸ்கேனுக்கு முன்பே பாருங்கள்.

ஏஐ இன்-பிட்வீன் பற்றிக் கேட்கிறார்கள். மெதுவான, எதையும் மறைக்காத அசைவுக்கு உதவும். முகத்துக்குக் குறுக்கே கை போனால், மறைந்திருந்த கன்னத்தை அது ஊகிக்க வேண்டும், அங்கே குழைந்துவிடுகிறது. இன்னொன்று, டூஸில் வரைந்ததை 60 ஃபிரேமுக்கு ஏற்றிவிடுகிறார்கள். வேண்டுமென்றே நிறுத்திய நிறுத்தமெல்லாம் எண்ணெய் பூசியது போல் வழியும்.

ஈரோடு 24

அப்ப வழி எதுங்க? 2019ல 'கிளவுஸ்' (Klaus) படம் வந்துச்சு, கோடு கையால வரைஞ்சது, வெளிச்சமும் நிழலும் கருவி உதவியோட. அயர்லாந்து கில்கென்னில கார்ட்டூன் சலூன் 2009ல இருந்து ஒண்ணொண்ணா எடுத்துட்டுத்தான் இருக்காங்க. 2018 ஸ்பைடர்-வெர்ஸ் 3டியா இருந்தும் பல இடத்துல டூஸ்ல அசைஞ்சுது, மேல கோடும் வரைஞ்சாங்க. நம்ம நாட்டுலயே கீதாஞ்சலி ராவ் 2019ல 'பாம்பே ரோஸ்' முழுநீளமாவே முடிச்சுட்டாங்க. ஆள் குறைவு, வருஷம் அதிகம். அந்த ரூட்டுதான் நமக்கு ஆகும்.

பீளமேடு லைட்பாக்ஸ்

90 நிமிஷத்தை விடுங்க, 12 நிமிஷத்துல ஆரம்பிங்க. டூஸ்ல 8,640 படம். அமைதியான இடங்களை மூணு ஃபிரேமுக்கு ஒண்ணா வைங்க, முழுக்க அப்படின்னா 5,760. அதுலயும் ஆள் அசையாம வாய் மட்டும் பேசற ஷாட்ல உடம்பு ஒரு படம், வாய் தனி லேயர், கண் சிமிட்டல் தனி லேயர். மிச்சமாகறதை ரேக்ளா ஓட்டத்துல செலவு பண்ணுங்க. முதல்ல ஸ்டோரிபோர்டை டப்பிங் குரலோட ஓடவிட்டு அனிமேட்டிக் பூட்டுங்க; பூட்டாம ஒரு கீகூடப் போடாதீங்க. திருத்தம் ஸ்டோரிபோர்டுல மலிவு, கிளீன்-அப்ல கொள்ளை விலை.

கணபதி பட்டறை

பெக் பார் கேட்டு மெசேஜ் போட்டவங்களுக்கு: அளவு மட்டும் அனுப்பினா ஆகாதுங்க. நீங்க குத்தின தாள் பத்து, பஞ்ச் மெஷின், ரெண்டும் கையோட வரணும். பின்னாடி பஞ்ச் தேஞ்சு வேற வாங்கினா பின்னையும் மாத்தணும், அதனால ஒரே லாட்டுல ரெண்டு பஞ்ச்சா வாங்கி, ரெண்டையும் அளந்து பார்த்து வெச்சுக்கங்க.