180 பேருக்கு ஒரே ஆன்லைன் தாள்: வொர்க்லோடில் எத்தனை மணி போடுவது?

பாமணியாறு (கேள்வி):

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரிக்காகக் கேட்கிறேன். இரண்டாமாண்டுப் பொதுத்தாள், வாரம் 4 மணி, 15 வாரம். பிரிவுக்கு 60 பேராக மூன்று பிரிவு. இதுவரை மூன்றுக்கும் சேர்த்து வொர்க்லோடு, அதாவது ஆசிரியருக்குக் கணக்கில் ஏறும் வாரக் கற்பித்தல் நேரம், 12 மணி. வரும் ஒற்றைப் பருவத்தில் 40 விழுக்காடு பாடத்தை வீடியோவாகப் போட்டுவிட்டு, மீதியை மூன்று பிரிவையும் செமினார் ஹாலில் சேர்த்து உட்காரவைத்து ஒருவரே நடத்தட்டும், 4 மணி போட்டால் போதும் என்பது நிர்வாகத்தின் யோசனை. அடுத்த ஆண்டு வீடியோ கையில் இருக்கும், அப்போது 4 மணியில் 40 விழுக்காடான 1.6 மணியைக் கழித்துவிடலாமாம். மிச்சமாகும் 8 மணி என்பது ஒரு கௌரவ விரிவுரையாளரின் பாதி வேலை.

டைம்டேபிள் கமிட்டியில் வைக்க ஒரு பக்கக் கணக்கு வேண்டும். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் ஆன்லைனுக்குத் தனி மணிக்கணக்கு உண்டா? மாணவர்களில் பாதிப்பேர் முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, கோட்டூர் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் பஸ்ஸும் கரண்டும் நிச்சயமில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெண்ணாறு:

மேடம், வகுப்பு மணியிலிருந்து ஆரம்பித்தால் நிர்வாகத்தின் கணக்குதான் நிற்கும். வேலையை மூன்று கூறாக எழுதுங்கள்: ஒருமுறை செய்யும் தயாரிப்பு, பருவத்துக்குப் பருவம் செய்யும் திருத்தம், மாணவர் தலைக்கு இவ்வளவு என்று ஏறும் வேலை. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

தயாரிப்பு. 60 மணியில் 40 விழுக்காடு 24 மணி. ஒரு மணி வகுப்பில் வருகைப் பதிவு, திரும்பச் சொல்வது, இடையில் வரும் கேள்வி எல்லாம் போனால் வீடியோவுக்கு 20 நிமிடம்தான் தேறும். ஆக 24 வீடியோ. ஒன்றுக்கு எழுத்துப்படி 2½ மணி, ஸ்லைடு 1 மணி, பதிவு 45 நிமிடம், எடிட்டிங் 1½ மணி, ஏற்றுவதும் அதற்கான ஐந்து கேள்வியும் 1 மணி. கூட்டினால் 6¾ மணி. 24க்கு 162 மணி, வாரத்துக்கு 10.8. ஏட்டில் ஏறுவது 1.6. இந்த நிமிடங்களை அப்படியே நகல் எடுக்க வேண்டாம். துறையில் இருவரை ஆளுக்கொரு வீடியோ செய்யச் சொல்லி, கடிகாரம் பார்த்துக் குறித்து, அந்த எண்ணைப் போடுங்கள். கமிட்டியில் யாரும் மறுக்க முடியாது.

தலைக்கணக்கு. இரண்டு அசைன்மென்ட், ஒன்றுக்கு 8 நிமிடம்: 180 பேருக்கு 48 மணி, வாரம் 3.2. இரண்டு வாரத்துக்கு ஒரு சந்தேகம் என்று ஆளுக்கு ஒன்று வந்தாலே வாரம் 90 கேள்வி, 4 நிமிடம் வீதம் 6 மணி. மொத்தம் 9.2. இதே வேலை 60 பேர் என்றால் மூன்று மணியும் சொச்சமும்தான். வீடியோ பழசானாலும் இந்த 9.2 குறையாது.

ஹாலில் நிற்கும் 2.4ஐயும் சேர்த்தால் ஒரே தாளுக்கு வாரம் 22.4 மணி. 4 மணி மட்டும் கணக்கில் ஏறினால், வாரம் 16 மணியை நிரப்ப அவருக்கு இன்னும் 12 மணி வகுப்பு கொடுப்பார்கள். 40 மணி வாரத்தில் மிஞ்சும் 5.6 மணிக்குள் அந்த 12 மணிக்கான தயாரிப்பு, திருத்தல், துறை வேலை எல்லாம் முடிய வேண்டும்.

அடுத்த ஆண்டுக் கழிவுக்கும் பதில் இருக்கிறது. கேள்விகளை மாற்ற, செத்துப்போன இணைப்புகளைச் சரிசெய்ய, எடுத்துக்காட்டுகளைப் புதுப்பிக்க வீடியோவுக்கு ஒரு மணி என்றால் 24 மணி. அவர்கள் கழிக்க நினைக்கும் அதே 1.6 தான். திருத்த வேலை இதற்கு மேல் ஏறாமல் இருக்க, பதிவில் ‘போன மாதம்’, ‘மூன்றாம் யூனிட்டில்’ என்று பேசாதீர்கள். சிலபஸ் மாறும்போது யூனிட் எண் இடம் மாறும், தலைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். 20 நிமிடத்தையும் ஒரே மூச்சில் எடுக்கவும் வேண்டாம். பதினான்காம் நிமிடத்தில் தடுமாறினால் முழுக்கத் திரும்ப எடுக்க வேண்டிவரும். ஐந்தைந்து நிமிடத் துண்டாக எடுத்து ஒட்டுங்கள்.

அரசலாறு:

விதிப் பக்கம் சொல்கிறேன். யுஜிசியின் 2018 ஒழுங்குமுறையில் முழுநேர ஆசிரியருக்கு வாரம் 40 மணிக்குக் குறையாத பணி, ஆண்டுக்கு 30 வாரம், அதாவது 180 வேலைநாள். அதில் நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. வீடியோ பாடத்துக்கு இத்தனை மணி என்று அதில் தனி வரி கிடையாது. 40 விழுக்காடு என்பது 2021 மே மாதம் வந்த யுஜிசியின் கலப்புமுறை (நேரடியும் ஆன்லைனும் கலந்த முறை) கருத்துருவில் உள்ள உச்ச அளவு. அது பாடத்தைப் பற்றியது, ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றியது அல்ல.

நிர்வாகம் இரண்டு வாதம் வைக்கலாம்.

ஒன்று, முழு ஆன்லைன் பட்டத்துக்கான 2020 விதியில் 250 மாணவருக்கு ஒரு மென்டர் (வழிகாட்டி) போதும், 180 என்ன பெரிது என்பது. அந்த ஏற்பாட்டில் பட்டப்படிப்புக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர், தாளுக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர், அதற்குக் கீழேதான் மென்டர். இங்கே மூன்று நாற்காலியிலும் ஒரே ஆள்.

இரண்டு, வீடியோ செய்தால் பதவி உயர்வுக்குப் புள்ளி கிடைக்கிறதே என்பது. கிடைக்கிறது: முழுத் தாளுக்கு வீடியோ, எழுத்து, விவாதம், மதிப்பீடு என்ற நாலு கூறும் சேர்ந்த மின்பாடம் செய்தால் 12, நாலு கிரெடிட் மூக் (எல்லாருக்கும் திறந்த ஆன்லைன் பாடம்) என்றால் 20. புள்ளி பதவி உயர்வுக்கு, மணி டைம்டேபிளுக்கு. கௌரவ விரிவுரையாளருக்கு அந்தப் புள்ளியாலும் பயன் இல்லை. அவரை வீடியோ செய்யச் சொன்னால் அந்த மணிக்குச் சம்பளம்தான் நியாயம்.

கமிட்டிக்கு என் யோசனை: ஹால் வேண்டாம். நேரடி வகுப்பைப் பிரிவுவாரியாகவே வையுங்கள், 2.4 பெருக்கல் 3, ஆக 7.2. வீடியோவின் 1.6ஐ முதல் பருவத்துக்கு மட்டும் மும்மடங்காக்கி 4.8. கூட்டினால் பழைய 12 தான், யாருக்கும் வேலை போகாது. அடுத்த முறை இதே தாளை நடத்தும் பருவத்தில் நேரடி வகுப்புக்கு 7.2, திருத்தத்துக்கு 1.6, பிரிவுக்கு ஒரு மணி சந்தேக வகுப்பு 3. மொத்தம் 11.8. உண்மைச் செலவான 10.8க்கு 4.8 போதாதுதான். பாதி வீடியோவையாவது மே மாதமே எடுத்துவிட்டு, அதை வேலைநாளாகக் கணக்கில் ஏற்றும்படி கேளுங்கள்.

2.4ஐ டைம்டேபிளில் எப்படிப் போடுவது என்பார்கள். முதல் 6 வாரம் 3 மணி, பிந்தைய 9 வாரம் 2 மணி. 18ம் 18ம் 36 மணி, கணக்கு நேர். மழை வாரங்களில் நேரடி வகுப்பும் குறைவாக அமையும்.

இன்னொன்று. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பணியின்போது உருவாக்கியதற்கு முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர். எத்தனை ஆண்டு ஓட்டலாம், ஆசிரியர் பணி விலகினால் என்ன, பெயர் நிற்குமா என்பதை முதல் வீடியோவுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

கோரையாறு:

மழைநாள் பற்றி. ‘லீவு விட்டாச்சு, மீட்ல கிளாஸ் எடுங்க’ என்பதுதான் வேலையை இரட்டிப்பாக்குவது. கல்லூரிகளுக்கான கட்டணமில்லாத கூகுள் பதிப்பில் மீட்டுக்கு 100 பேர்தான் உச்சம். ஜூம் இலவசக் கணக்கிலும் 100 பேர், அதுவும் 40 நிமிடம். 180 பேர் உள்ளேயே வர முடியாது. வந்தவர்களிலும் கரண்ட் போனவர்களுக்காக மறுபடி ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் மின்சாரம் இல்லையென்றால் செல்போன் டவரின் பேட்டரியும் இறங்கிவிடும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததைக் கமிட்டிக்கு நினைவூட்டுங்கள்.

அதனால் புரட்டாசிக்குள் நான்கு பாடத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். யூனிட் வரிசையைச் சாராத, எந்த நாளிலும் பார்க்கக்கூடிய பாடமாக இருக்கட்டும். 20 நிமிட வீடியோ நொடிக்கு 500 கிலோபிட் என்றால் 75 எம்பி, 2.5 மெகாபிட் என்றால் 375 எம்பி. 75க்கு மேல் போகாதீர்கள். கூடவே ஒலி மட்டும் 32 கிலோபிட்டில் ஒன்று, 5 எம்பிக்குள் முடியும். அரசு மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தது 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான்.

வருகைப் பதிவுக்கு மீட் பட்டியலை நம்பாதீர்கள். அதில் போன் கம்பெனி பெயரும் அப்பா பெயரும்தான் இருக்கும், பதிவேட்டோடு ஒப்பிடவே அரை மணி ஓடும். பாடத்தோடு உள்ள ஐந்து கேள்விக்கு 48 மணிக்குள் பதில் அனுப்பினால் வருகை என்று வையுங்கள். கரண்ட் வராத ஊர்களுக்கு அந்தக் கெடுவை நீட்டுங்கள்.

சந்தேகத்தை வாட்ஸ்அப் தனிச்செய்தியில் எடுக்கவே கூடாது. ஒரே கேள்விக்குப் பத்துத் தடவை பதில் எழுத நேரிடும். மூடுல் என்ற இணையப் பாடத்தளத்தின் மன்றத்தில் யூனிட்டுக்கு ஒரு இழை, செவ்வாயும் வெள்ளியும் மாலை 4 முதல் 5 வரை பதில் என்று முதல் வாரமே அறிவியுங்கள். அசைன்மென்டைப் போட்டோவாக வாங்கினால் ஆறு பக்கம், பக்கம் 3 எம்பி, 180 பேர்: 3.2 ஜிபி, அதில் பாதி தலைகீழ். ஒரே பிடிஎஃப், 2 எம்பிக்குள், கோப்பின் பெயர் பதிவெண். வேறு பெயரில் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அசைன்மென்டையே விட்டு, இரண்டையும் கொள்குறி வினாவாக்கினால் 48 மணியும் மிச்சம்.

பாமணியாறு:

மிக்க நன்றி. கொள்குறி மட்டும் போதுமா? கடைசித் தேர்வு முழுக்க எழுத்துத்தானே. திருத்த உதவிக்கு ஆள் கேட்கலாமா?

வெண்ணாறு:

கோரையாறு சார் சொன்னதில் அந்தக் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. பத்தி எழுதிப் பழகாத பிள்ளை பருவத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியில் தடுமாறும். ஒன்றைக் கொள்குறியாக்குங்கள், யூனிட்டுக்கு 40 வீதம் 200 கேள்வி மூடுல் வினாவங்கியில் போட்டு ஆளுக்கு 25 கலைத்துக் கொடுக்கலாம். இன்னொன்று ஒன்றரைப் பக்க எழுத்து, நாலு அளவுகோல் கொண்ட ரூப்ரிக்கோடு (எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற அட்டவணை). அப்போதும் 24 மணி இருக்கும்.

ஆள் கேட்கலாம். கல்லூரியில் ஆய்வு மையம் இருந்தால், யுஜிசியின் 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறைப்படி ஆய்வு மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி வரை டுடோரியல், மதிப்பீடு போன்ற உதவிப் பணி கொடுக்கலாம். முதல் பத்துத் தாளை இருவரும் தனித்தனியாகத் திருத்தி மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். 10க்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரூப்ரிக்கின் சொற்களைச் சரிசெய்த பிறகே மீதி 170ஐக் கையில் கொடுங்கள்.