நம்ம ஊர் பேச்சை படத்துல கேட்ட அனுபவம்: உங்களுக்கு எந்தப் படம்?

ஐதராபாத் ரிட்டர்ன்

நானே ஆரம்பிக்கறேன். வேலைக்கு ஐதராபாத் போனப்போ எனக்கு இந்தி ஓரளவு வரும், அதை வெச்சு சமாளிச்சிடலாம்னு நெனச்சேன், ஆனா பழைய சிட்டிப் பக்கம் போனா அவங்க பேசுற இந்தியே வேற. வேணாம்னா 'நக்கோ'ங்கறாங்க, ஆமான்னா 'ஹவ்'ங்கறாங்க, ஏன்னா 'கைக்கு'ங்கறாங்க, அதுவும் ஒரு இழுவையோட. ரூம்ல கூட இருந்த பையன் அந்த ஏரியாக்காரன், என் முழியைப் பாத்துட்டு "அண்ணா, முதல்ல இந்தப் படத்தைப் பாருங்க"ன்னு லேப்டாப்ல போட்டு விட்டான். 2006ல வந்த 'தி ஆங்க்ரேஸ்'.

கதைன்னு பெருசா ஒண்ணும் இல்லீங்க. அமெரிக்காவுல இருந்து ரெண்டு பேர் ஐடி வேலைக்கு வர்றாங்க, சார்மினார் சுத்திப் பாக்கப் போன இடத்துல இஸ்மாயில் பாய்ங்கற லோக்கல் ஆளோட கேங்கோட ஒரு சின்ன உரசல், அந்த கேங்கு இவங்களைப் பழி வாங்கணும்னு கிளம்புது. அவ்ளோதான். ஆனா அந்த கேங்கு உக்காந்து பேசுற பேச்சு இருக்கே! சலீம் ஃபேக்குன்னு ஒருத்தன், வாயத் தொறந்தா பொய்தான், எல்லா வம்புலயும் தான்தான் ஹீரோங்கற மாதிரி அடிச்சு விடுவான், சுத்தி இருக்கறவனுங்களுக்கும் அது பொய்னு தெரியும், இருந்தாலும் கேட்டுக்கிட்டே இருப்பானுங்க. எனக்கு பாதி வார்த்தை புரியல, ஆனா அந்த ஆளுங்களைத் தெரியும், எல்லா ஊர் டீக்கடையிலயும் இப்படி ஒருத்தன் இருப்பான்ல.

நம்மாளுங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தகவல், அந்த அமெரிக்கா ரிட்டர்ன் ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம 'அபியும் நானும்' கணேஷ் வெங்கட்ராமன்.

இதை ஏன் சொல்றேன்னா, அந்தப் பையன் அன்னிக்கு ஒரு விஷயம் சொன்னான். இந்திப் படத்துல ஐதராபாத் பாஷைன்னா அதுக்கு முன்னாடி மெஹ்மூத் மாதிரி ஒரு காமெடியன்தான் பேசுவார், 1965 'கும்நாம்'ல அவர் பட்லர், சுத்தி இருக்கறவங்க எல்லாம் சுத்தமான இந்தி, இவர் மட்டும் இப்படிப் பேச அதுவே சிரிப்பு. இந்தப் படத்துலதான் அந்த கேங்கு மொத்தமும் அதைப் பேசுது, ஒருத்தனும் அதைக் கேட்டு சிரிக்கறதில்ல, அவன் அடிக்கிற பொய்க்குதான் சிரிக்கறோம். இது எனக்கு ரொம்ப நாள் மண்டையில ஓடிட்டே இருந்துச்சு. உங்க ஊருக்கு இப்படி ஒரு படம் உண்டா?

காந்திபுரத்துக்காரன்

இருக்குதுங்க, ஏனில்லாம. எங்க ஊட்டுல 'சதிலீலாவதி' டிவில வந்துட்டா அன்னிக்கு வேற சேனல் கெடையாது. 1995 படம், பாலு மகேந்திரா டைரக்‌ஷன், கிரேஸி மோகன் வசனம், டாக்டர் சக்திவேலா கமல், பழனியா கோவை சரளா. எங்கம்மா சொல்லுவாங்க, "சரளா நடிக்கலடா, நம்ம பெரியம்மா மாதிரியே பேசுறா"ன்னு. அதுதாங்க நெசம். அதுக்கு முன்னாடியெல்லாம் கோயமுத்தூர்த் தமிழ்னா படத்துல வெகுளியான ஆளுக்கோ லொள்ளு பண்ற ஆளுக்கோதான் குடுப்பாங்க. இதுல படிச்ச டாக்டரே "ஏனுங்க, வாங்க, போங்க"ன்னு பேசிட்டு வர்றார், படத்துலயே கொஞ்சம் வெவரமான ஆளும் அவருதான்.

ஆனா ஐதராபாத் நண்பர் சொன்ன மாதிரி ஊரே பேசுற படம்னு பாத்தா எனக்கு 2025ல வந்த 'குடும்பஸ்தன்'தாங்க. நக்கலைட்ஸ் டீம் எடுத்தது. அவங்க யூட்யூப் வீடியோவெல்லாம் முன்னாடியே பாத்துப் பழகுனதுனால பெருசா ஒண்ணும் எதிர்பாக்காமத்தான் போனேன், உள்ள உக்காந்தா கடன் கேட்டு வர்றவன், சொந்தக்காரன், ஆபீஸ் ஆளு எல்லாத்துக்கும் ஒரே வாடை. வேலை போனதை ஊட்டுல சொல்லாம ஒருத்தன் கடன் மேல கடன் வாங்கிட்டுத் திரியறான், அந்த ஊட்டு மாப்பிள்ளையா வர்ற குரு சோமசுந்தரம் அவனை நிம்மதியா இருக்க விடமாட்டார். அந்த மாதிரி ஒரு மாப்பிள்ளை கொங்கு நாட்டுல எந்த ஊட்டுல இல்லீங்க? மரியாதையா 'ங்க' போட்டுப் பேசிக்கிட்டே ஆளை உரிச்சுத் தொங்க விட்டுருவாங்க, அந்த நக்கல் வெளியூர்க்காரங்களுக்கு லேசுல புடிபடாது. என் பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர், சிரிக்கவே இல்ல, பணம் கேக்கற சீன் வந்தப்பல்லாம் "ஆமா ஆமா"ன்னு தலைய ஆட்டிட்டே இருந்தார், பாவம் என்ன கஷ்டமோ.

இன்னொண்ணு, குரு சோமசுந்தரத்துக்கு சொந்த ஊர் மதுரைங்க. தெரிஞ்சப்போ கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்துச்சு.

புளியந்தோப்பு பையன்

இதுல பொறாமைப்பட்டா எப்டி தல? மெட்ராஸ் பாஷைய சினிமாவுல கலக்குனவங்க பாதிப் பேரு மெட்ராஸே கெடையாது. 1958 'சபாஷ் மீனா'ல ரிக்‌ஷாக்காரரா வர்ற சந்திரபாபு, பொறந்தது தூத்துக்குடி. 'வா வாத்யாரே வூட்டாண்ட' பாடுன மனோரமா ஆச்சி, மன்னார்குடி. காது கூர்மையா இருந்தா போதும்.

ஆனா எங்களுக்கு இருக்கற கோவம் வேற. கோயமுத்தூர் பேச்சுக்கு டாக்டர் கெடச்சாரு, எங்க பேச்சுக்கு யார் கெடச்சா? ரிக்‌ஷா, மெக்கானிக், ரவுடி, பிக்பாக்கெட். 'வசூல்ராஜா எம்பிபிஎஸ்'ல கூட ராஜா டாக்டர் வேஷம் போட்ட ரவுடிதான். நான் ஆபீஸ்ல என்னை மறந்து "இன்னாபா"ன்னு ஆரம்பிச்சா எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி மாறும், எந்த ஏரியான்னு கேப்பாங்க, சொன்னா ஒரு "ஓ" வரும். அந்த "ஓ"வுக்குள்ள அத்தனை படமும் இருக்கு.

அதனாலதான் 2007ல 'சென்னை 600028' பாத்தப்போ அவ்ளோ குஷி. விசாலாட்சி தோட்டம் ஷார்க்ஸ், ராயபுரம் ராக்கர்ஸ், கிரிக்கெட் மேட்ச்சு, லவ்வு, சண்டை, அவ்ளோதான் மேட்டரு. தெருவுல டீம் வெச்சு பெட் மேட்ச் ஆடுனவனுக்கு அதுல ஒரு சீனும் புதுசில்ல. 'அட்டகத்தி'யும் (2012) அப்படித்தான், பஸ்ஸுல பொண்ணைப் பாத்துட்டே திரியற ஒரு சிட்டி ஓரத்துப் பையன், ஃபெயிலியர் ஆனா சோகமா இருக்க ட்ரை பண்ணி அதுவும் வரமாட்டேங்குது. அவன் வீட்டுல பேசற பேச்சு எங்க வீட்டுல பேசறது, யாரும் அதைக் கெத்தாவும் காட்டல கேவலமாவும் காட்டல. எங்கப்பா எப்பவும் இன்டர்வெல்லுக்கு முன்னாடியே தூங்கிடற ஆளு, அன்னிக்கு முழுசா பாத்தாரு.

திருச்சூர் மருமக

தமிழ் இல்லாட்டியும் பரவாயில்லைன்னா நானும் சொல்றேன். கல்யாணம் ஆகி திருச்சூர் போனப்போ நான் கத்துக்கிட்ட மலையாளம் அங்க செல்லுபடி ஆகல, எல்லாரும் சண்டை போடற மாதிரி வேகமா பேசறாங்கன்னு நெனச்சேன், கடைசில பாத்தா பாசமா சாப்பிடக் கூப்பிடறாங்களாம். என் நாத்தனார்தான் 'பிராஞ்சியேட்டன்' (2010) போட்டுக் காட்டினா. மம்மூட்டி ஒரு பணக்கார வியாபாரி, குடும்பம் அரிசி வியாபாரம் பண்ணதால ஊரே அரிப்பிராஞ்சின்னு பட்டப்பேர் சொல்லுது, அதைத் தொலைக்க அவர் காசு கொடுத்தாவது ஒரு கௌரவம் வாங்கிடணும்னு அலையறார், சர்ச்சுல புனித பிரான்சிஸ் முன்னாடி நின்னு புலம்பறார். புனிதர்கிட்டயே அந்த ஊர் வாய்தான்! எங்க மாமனாரும் கிட்டத்தட்ட அப்படித்தான், கடவுள்கிட்டயும் கணக்கு கேப்பார்.

இதே மம்மூட்டி 2005ல 'ராஜமாணிக்யம்'ல திருவனந்தபுரம் பேச்சு பேசியிருக்கார். எங்க வீட்டுல அதை ஒத்துக்கவே மாட்டாங்க, அது தெற்கு ஆளுங்க படமாம். ஊர்ப் பெருமை அங்கயும் இந்த லெவல்தான்.

தாமிரபரணி

எல்லாரும் சொல்லியாச்சு, இப்ப எங்க வயித்தெரிச்சல். எங்க திருநெல்வேலிப் பேச்சுன்னு படத்துல வந்தா ஒவ்வொரு வரிக்குக் கடைசியிலயும் 'ஏலே' போட்டுட்டு வேலை முடிஞ்சிட்டுன்னு கெளம்பிருதாங்க. கையில அருவா, பின்னாடி நாலு சுமோ. நாங்க டீ குடிக்கவே போக மாட்டமா, கல்யாண வீட்டுப் பந்தியில குறை சொல்ல மாட்டமா, ரதவீதியில வெட்டியா நிக்க மாட்டமா? 'பாபநாசம்' வசனம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அது கொலை கேஸு. அருவா இல்லாம, சும்மா ஒரு தெருவுல நாலு பேரு வாய் பேசிட்டே திரியுத சிரிப்புப் படம் ஏதும் உங்களுக்குத் தெரிஞ்சா பேரைச் சொல்லுங்க, இந்த ஞாயித்துக்கிழமையே பாக்கேன்.